கல் இல்லாத கோட்டை

ஒன்றுக்கு ஒன்று இருக்குமா, இருக்காது, இது அதைவிடச் செங்குத்து, ஓரடி உயர்வதற்கு முக்காலடிதான் பின்வாங்குகிறது, மேலே போகப் போக அரையடி, இந்தச் சரிவில் மண் எப்படி நிற்கிறது, அதுவும் ஐந்நூறு வருஷமாக, கல் பதிக்காமல் சிமெண்ட் பூசாமல் எப்படி நிற்கிறது என்று யோசித்தபடி ஆவுடையப்பனும் நின்றார். மூச்சு வாங்கியதும் உண்மைதான். ஆனால் மூச்சு வாங்குகிறவன் நிற்பதற்கும் மண்ணைப் பார்க்கிறவன் நிற்பதற்கும் வெளிப்பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. முப்பத்துநாலு வருஷம் சர்க்கார் ஓவர்சியராகக் குளத்துக்கரைகளில் நடந்தவருக்கு அந்த வசதி நன்றாகவே தெரியும். குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டினார். பாறை மக்கிய மண், மஞ்சளும் செம்மையும் கலந்தது, மணல் நறநறத்தாலும் திரிபோலத் திரண்டு வந்தது, களி போதுமான அளவு இருக்கிறது, நல்ல மண். நல்ல மண் என்று நினைத்ததும் சுருக்கென்றது. இந்த ஊரில் எதையும் நல்லது என்று சொல்வதற்காக அவர் தென்காசியிலிருந்து வரவில்லை. ஆறு நாளைக்கு முன்னால் ஜப்பானில் வந்து இறங்கியபோது முறுக்கு டப்பாவோடும் நார்த்தங்காய் ஊறுகாயோடும் ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லையும் சேர்த்துத்தான் கொண்டுவந்திருந்தார். விமான நிலையத்தில் ஊறுகாயைத்தான் திறந்து பார்த்தார்கள். அந்தச் சொல்லை இன்று மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு, மலையடிவாரத்து வீட்டில், எல்லார் முன்னாலும் எடுத்து வைக்க வேண்டும். மகள் செண்பகவல்லி அந்த வீட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள நினைக்கிறாள். பையன் பெயர் நவோகி. அவனும் அவன் அம்மாவும் கீழே சமைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் அப்பா ஹிராத்தா இவர்களை மலையேற்றிக்கொண்டிருக்கிறார். அதோ முன்னால் போகிறார், எழுபத்தொரு வயசு, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், இடுப்பில் அரிவாள், கரடி ஒதுங்கிப் போவதற்காகக் கட்டிய சின்ன மணி கிணுகிணு என்கிறது. கரடிக்கே தாட்சண்யம் பார்க்கிற மனுஷர், அவரிடம் போய் எப்படிச் சொல்வது.

“யப்பா, முடியலன்னா சொல்லுங்க, உக்காந்துட்டுப் போவோம்,” என்றாள் செண்பா, இருவருக்கும் நடுவில் நின்று.

“முடியாம என்ன. மண்ணப் பாக்கேன்.”

கோட்டை என்றதும் அவர் வேறென்னவோ நினைத்திருந்தார். கோட்டை என்றால் மதில் வேண்டாமா, கருங்கல் வேண்டாமா, வாசலில் யானை மோதினாலும் அசையாத கதவு வேண்டாமா. நேற்று ராத்திரியே செண்பா எச்சரித்தாள், யப்பா அங்க ஒரு கல்லுகூடக் கிடையாது, வெறும் மேடும் பள்ளமுந்தான், ஏமாந்துராதீங்க என்று. ஏமாறுவதற்கே தயாராகத்தான் வந்தார், ஏமாந்தால் நல்லது, ஒரு குறை கையில் இருக்கும், கோட்டை என்று சொல்லிக் குப்பைமேட்டைக் காட்டுகிற குடும்பம் என்று உலகம்மாளிடம் போனில் சொல்லலாம். அவர் மனைவி உலகம்மாள் சர்க்கரைப் புண் ஆறாத காலோடு வீட்டில் இருக்கிறாள், விமானம் ஏற முடியாது, நீங்க பாத்துட்டு ஒரு வார்த்த சொல்லுங்க, நீங்க வேண்டாம்னா எனக்கும் வேண்டாம் என்று முழுப் பாரத்தையும் இவர் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டாள். முதல் பத்து நிமிஷம் ஏமாற்றம் சரியாகத்தான் வந்தது. மரம், சருகு, காட்டுப்பன்றி கிண்டிய குழி. பிறகு மலைமுதுகின்மேல் போய்க்கொண்டிருந்த பாதை சட்டென்று அறுந்தது. யாரோ ராட்சசன் மண்வெட்டியால் முதுகைக் குறுக்கே ஒரே வெட்டாக வெட்டிப்போட்ட மாதிரி பன்னிரண்டடிப் பள்ளம். ஆவுடையப்பன் அதன் விளிம்பில் நின்றபோது அவருக்குள் இருந்த ஓவர்சியர் எழுந்து உட்கார்ந்துவிட்டான், ஓய்வு பெற்று ஏழு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தவன். ஏனென்றால் பள்ளம் மட்டுமல்ல. வெட்டிய மண்ணை அவர்கள் சரிவில் தள்ளி வீணாக்கவில்லை, கோட்டை இருக்கிற பக்கத்து விளிம்பிலேயே கொட்டிக் கரையாக உயர்த்தியிருக்கிறார்கள். ஒரு கடகம் மண்ணை எடுத்தால் இந்தப் பக்கம் ஒரு சாண் ஆழம், அந்தப் பக்கம் ஒரு சாண் உயரம், ஏறி வருகிறவனுக்கு இரண்டு சாண். அட, அட. ஒரே கூலியில் இரண்டு வேலை. இதை எந்த இன்ஜினியர் கிளாஸ் எடுத்துச் சொல்லிக்கொடுத்தான், கீழே வயலில் நெல் அறுத்துவிட்டு வந்த ஆட்கள்தானே, கையில் மண்வெட்டியும் கூடையும் தவிர என்ன இருந்திருக்கும். அவர் கண்ணால் நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், நாற்பது ஆள், ஒரு மாசம், இல்லை மழை வந்தால் ஒன்றரை மாசம், கணக்கு தானாக ஓடியது, நிறுத்தப் பார்த்தார், நிற்கவில்லை.

ஹிராத்தா பள்ளத்துக்குள் இறங்கி, மேலே கை காட்டி எதையோ சொன்னார். செண்பா திருப்பிச் சொன்னாள். “இந்த மாதிரி மூணு இருக்காம்ப்பா. சைடுல மலைய ஒட்டிக் கீழாமக்க வரிசையா வாய்க்கா ஓடுதுல்லா, அதும் வெட்டுனதுதானாம். எதிரி பக்கவாட்டுல நடந்து சுத்தி வர முடியாதாம், வாய்க்காலுக்குள்ள வரிசையா வந்து மாட்டிக்கிடுவானாம்.”

“அது தெரியுது. தண்ணியும் அது வழியாத்தானே எறங்குது. ஒரே வாய்க்கா, ஆளுக்கும் வச்சிருக்கான், மழைக்கும் வச்சிருக்கான். அதாம் நிக்கி.”

அவள் அதைச் சொன்னதும் ஹிராத்தா பள்ளத்துக்குள்ளிருந்தே நிமிர்ந்து இவரைப் பார்த்தார். அதுவரை விருந்தாளியைப் பார்த்த பார்வை, இது வேறு. மழையைப் பற்றி இதுவரை இங்கே வந்த யாரும் பேசியதில்லையாம். ஆவுடையப்பனுக்கு உள்ளே குளிர்ந்துவிட்டது, உடனே அந்தக் குளிர்ச்சிமேல் கோபமும் வந்தது. பள்ளத்தில் இறங்கி ஏறி நடந்தார். அப்புறம் கேட்காமல் இருக்க முடியவில்லை. “சண்ட எப்பம் நடந்துச்சாம், கேளு. யாரு ஜெயிச்சது?” செண்பா கேட்டாள், ஹிராத்தா சிரித்துக்கொண்டே நீளமாகச் சொன்னார். ஒருத்தனும் வரவில்லையாம். சின்னப் பள்ளத்தாக்கு, இருநூறு வீடு, அதற்கு ஒரு தலைவன், அவனுக்கு இந்த மலை. எலி வளையானாலும் தனி வளை என்று வெட்டிக்கொண்டு மூன்று தலைமுறை காத்திருந்தார்கள், படை வந்ததாக ஒரு ஏட்டிலும் இல்லை. அப்புறம் பெரிய ராஜா ஒருவன் நாட்டையெல்லாம் அடக்கினான், மலைக்கோட்டைகள் வேண்டாம் என்றான், இவர்கள் இறங்கிப் போய் வயலைப் பார்த்தார்கள். அவ்வளவுதான் சரித்திரம். “வந்தவன் கீழ நின்னு பாத்துட்டே திரும்பியிருப்பான்னு அவியளுக்கு ஒரு எண்ணம்,” என்றாள் செண்பா. ஆவுடையப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. உடைந்த கரைக்குத்தான் பெயர் உண்டு, இன்ன வருஷம் உடைந்தது, இத்தனை வீடு போனது என்று. உடையாத கரைக்கு யார் மாலை போட்டார்கள். ஒன்றுமே நடக்காமல் பார்த்துக்கொண்டதுதான் இந்த மண்ணின் கெட்டிக்காரத்தனம். எவ்வளவு பயந்திருப்பார்கள், பயத்தை இவ்வளவு அழகாக யாராவது வெட்டி வைப்பார்களா, பயந்தவன் கத்துவான், ஓடுவான், இவர்கள் மட்டம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள். அவருக்கும் பயம்தான். அதை ஒப்புக்கொள்ள இந்த ஏற்றம் வேண்டியிருந்தது. ஊர் என்ன சொல்லும் என்பதெல்லாம் பயமில்லை, ஊர் ஒரு மாசம் மெல்லும், அப்புறம் அடுத்த வீட்டு விஷயம் கிடைத்தால் துப்பிவிடும். இன்று காலையில் அந்த வீட்டு அடுக்களையில் செண்பா அந்தப் பையனின் அம்மாவோடு எதற்கோ சிரித்தாள், அந்தச் சிரிப்பு வேறாக இருந்தது. தணிவாக, வாயை மூடி, அவர் கேட்டே இராத சிரிப்பு. வீட்டில் அவள் சிரித்தால் தெருவுக்குக் கேட்கும். அது எங்கே போனது, யார் இவள் என்று ஒரு நொடி திகைத்துவிட்டார். மகளோடு பேசவே மொழிபெயர்க்க ஆள் வேண்டிவந்துவிடுமோ. பேரப்பிள்ளை இந்தப் பாஷையில் அழும், அது பசிக்கா வலிக்கா என்றுகூட அவருக்குத் தெரியாது. அப்புறம் உலகம்மாள் ஒருநாள் போய்விடுவாள், அல்லது அவரே முந்துவார், செண்பா வருகிறவரை ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் கிடக்க வேண்டும், கரண்டு போனால் ஜெனரேட்டருக்கு யார் ஓடுவது. சீ, என்ன நினைப்பு, நல்ல நாளும் பொழுதுமாக. ஆனாலும் அந்த நினைப்பு ஓடிக்கொண்டேதான் இருந்தது, ஜெனரேட்டர், யாரிடம் சொல்லி வைப்பது, மேலப்பாட்டத்தில் ஒரு கடைக்காரனிடம் ஒன்று இருக்கிறது, மண் எப்படி நிற்கிறது, ஜெனரேட்டர், மண்.

உச்சி வந்துவிட்டது. மரங்கள் விலகி ஒரு தட்டையான இடம், ஊர்ப் பேருந்து நிலையம் அளவு, இல்லை, அதில் பாதி. ஒன்றுமே இல்லை, வெயில் மட்டும் இருந்தது, புல் ஒட்ட வெட்டியிருந்தது. மாசத்துக்கு ஒரு தடவை ஹிராத்தாவும் ஊர்க்காரர்கள் நாலு பேரும் ஏறி வந்து வெட்டுகிறார்களாம், இருபத்தாறு வருஷமாக, யாரும் சொல்லாமல், யாரும் கொடுக்காமல். ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சாமிப் பெட்டி போல மரக் கோயில் இருக்கவும் ஆவுடையப்பனின் கால் தானாகப் பூட்ஸைக் கழற்றியது. “யப்பா, இங்க கழத்த வேண்டாம், வெளிய எல்லாரும் செருப்போடதான் நிப்பாங்க,” என்று செண்பா பதறினாள். அதற்குள் காலுறையும் போய்விட்டது. வெறும் பாதம் மண்ணில் பட்டதும் அவருக்கு மகள் சொன்னது கேட்கவில்லை. கெட்டி. குளிர்ந்த, அசையாத கெட்டி. நடுவில் வெட்டிய தரை, ஓரத்தில் கொட்டிய தரை, இரண்டும் சேருகிற இடம் பாதத்துக்குத் தெரிய வேண்டும், அங்கேதான் எந்த வேலையும் அமுங்கும், அவர் குதிகாலால் தடவிக்கொண்டே விளிம்புவரை போனார், தெரியவில்லை, ஓரிடத்திலும் தெரியவில்லை. எத்தனை பேர் நின்று மிதித்திருப்பார்கள். குடம் குடமாகக் கீழேயிருந்து தண்ணீர் சுமந்து வந்து நனைத்து மிதித்திருப்பார்கள், பாதி ராத்திரியில் படை வந்துவிடுமோ என்று பயந்து, யாரோ ஒரு சிரத்தையுள்ள மேஸ்திரி கம்போடு நின்று இன்னொரு நடை, இன்னொரு நடை என்று விரட்டியிருப்பான், அவன் பெயர் இல்லை, முகம் இல்லை, அவன் மிதிக்க வைத்தது மட்டும் இவருடைய பாதத்துக்கு அடியில் இருக்கிறது. சபாஷ் ஐயா என்று வாய்விட்டே சொன்னார். திரும்பிப் பார்த்தால் ஹிராத்தாவும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நிற்கிறார், நவம்பர்க் குளிரில், எழுபத்தொரு வயசில், விரல்களைச் சுருக்கிக்கொண்டு. இருபத்தாறு வருஷத்தில் இந்தத் தரையைக் காலால் தொட்டதே இல்லையாம். இரண்டு கிழவர்களும் கோட்டை முழுக்க ஒரு சுற்று அப்படியே நடந்தார்கள், செண்பா நாலு பூட்ஸையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே பள்ளத்தாக்கில் ஹிராத்தா வீட்டுக் கூரை தெரிந்தது, மாடிக் கம்பியில் மெத்தை காய்ந்தது, முற்றத்தில் ஒரு தலை இங்கும் அங்கும் போனது, நவோகியாகத்தான் இருக்கும், எத்தனை தடவை போகிறான்.

இறங்கும்போது பின்பக்கத்து முதுகு வழியாக இறங்கினார்கள். மூன்றாவது வெட்டு அங்கேதான். ஆனால் இதை முழுசாக வெட்டவில்லை, நடுவில் இரண்டடி அகலத்துக்கு மண்ணைப் பாலம்போல விட்டுவிட்டு இரண்டு பக்கமும் குடைந்திருந்தார்கள், ஒருத்தர் பின் ஒருத்தர்தான் கடக்க முடியும், வருகிறவன் எத்தனை பேரானாலும் ஒற்றை ஆளாகத்தான் வந்து நிற்க வேண்டும். ஆவுடையப்பன் இதையும் மெச்ச வாயெடுத்தார். அப்போதுதான் இடது பக்கத்து மண்ணின் நிறத்தைப் பார்த்தார். புதுசு. ஜூலை மழையில் அந்தப் பக்கம் சரிந்துவிட்டதாம், ஹிராத்தாவும் கூட்டாளிகளும் ஒன்பது நாள் கீழேயிருந்து மண் சுமந்து நிரப்பினார்களாம். நிரப்பியது சரி, பழைய சரிவில் படி வெட்டினீர்களா, வழவழத்த சரிவில் புது மண் தானாக ஒட்டாது, பழைய கரையைப் படிப்படியாக வெட்டி அதில்தான் புது மண்ணை உட்கார வைக்க வேண்டும், இது எந்தக் குளத்து மேஸ்திரிக்கும் தெரியுமே. “கேளு, படி வெட்டுனாவளான்னு கேளு,” என்றார். ஹிராத்தா கையை வேகமாக ஆட்டி மறுத்தார். “பழைய மண்ணுல அரிவா நுனிகூடப் படக் கூடாதுங்காவ. அது அந்தக் காலத்து ஆளுக கை பட்டதுல்லா, அத வெட்டுறது பாவமாம். மேலாமக்க வச்சுத் தட்டிவிட்டாவளாம்.” அட பாவி மனுஷா, இவ்வளவு பக்தியா, பக்தி மண்ணைத் தாங்குமா. பழசைத் தொடாமலே பழசைக் காப்பாற்றலாம் என்று ஒரு ஆள் ஒன்பது நாள் சுமந்திருக்கிறார். சிரிப்பு வந்தது, ஆனால் தானும் அதைத்தானே செய்யப் பார்க்கிறோம், சாப்பாட்டுக்குப் பிறகு ‘வேண்டாம்’ என்று சொல்லி, ஒன்றிலும் கை வைக்காமல், இருந்ததை இருந்தபடி வைத்துக்கொள்ள. ஹிராத்தா அதற்குள் நடந்து போய்ப் பாலத்தின் நடுவில், அந்தப் புது மண்ணின்மேல் நின்று, எவ்வளவு கெட்டி பாருங்கள் என்பதுபோல ஒரு காலைத் தூக்கி ஓங்கி மிதித்துக் காட்டினார். மண்ணில் ஒரு கோடு தெரிந்தது. மயிரிழைதான், வில்போல வளைந்த கோடு, புதுசும் பழசும் சேருகிற இடத்தில். அந்த மாதிரிக் கோடு ஒன்றை ஆவுடையப்பன் முன்னால் ஒருமுறை பார்த்திருக்கிறார். ஊத்துமடைக் குளம், ஐப்பசி, படி வெட்டாமல் அவசர அவசரமாக ஏற்றிய கரை, வெட்டவில்லை என்று ஓவர்சியரான இவருக்குத் தெரியும், தெரிந்தும் பேசவில்லை, மடையைத் திறக்கிற இசக்கி குடையோடு அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நடந்துபோகிறான், கூப்பிட்டால் போதும், ஒரு சத்தம் போதும், ஆனால் கத்தினால் தனக்கு முன்னமே தெரியும் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடுமே என்று வாய் அடைத்துக்கொண்டது, ஒரு நொடி, ஒரே நொடி, கரை பாளமாக இறங்கியது. இசக்கி பிழைத்தான். அதன் பிறகு கம்பு இல்லாமல் நடக்கவில்லை. குடை மட்டும் மேலே கிடந்தது. ஹிராத்தா சிரித்துக்கொண்டே இரண்டாவது தடவை காலைத் தூக்கினார், கோடு விரலளவு ஆனது.

“சம்மந்தி! கால எடுங்க! சம்மந்தி, இந்தப் பக்கம் வாங்க!”

மலை முழுக்கக் கேட்டிருக்கும். ஒரு வார்த்தையும் புரியாத ஹிராத்தா தூக்கிய காலை அப்படியே பின்னால் இழுத்துப் பழைய மண்ணில் வைத்தார். வைத்த மறு நொடி புது மண் முழுசும், ஒன்பது நாள் சுமந்தது அத்தனையும், ஒரு பாளமாகக் கழன்று பள்ளத்தில் போய் விழுந்தது. அந்தச் சத்தம் அடங்கி, கீழே உருண்ட கட்டிகளின் சத்தமும் அடங்கியது. ஆவுடையப்பன் பக்கத்து மரத்தைப் பிடித்துக்கொண்டார். தான் என்ன கத்தினோம் என்பது அவருக்கு இன்னும் காதில் விழவில்லை. ஹிராத்தா பள்ளத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், பிறகு செண்பாவிடம் மெல்லிய குரலில் ஏதோ கேட்டார். அவள் பூட்ஸ் சேறு ஒட்டிய கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள், கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது.

“என்னளா கேக்காவ?”

“அவியள... நீங்க என்னமோ பேரு சொல்லிக் கூப்பிட்டீயளாம். என்ன பேருன்னு கேக்காவ.”

அப்போதுதான் அவருக்குக் கேட்டது. பதற்றத்தில் வாய் குழறிவிட்டது என்று சொல்லலாம். மத்தியானம் வரைக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. அவர் மரத்திலிருந்து கையை எடுத்தார்.

“சொன்னதச் சொல்லு,” என்றார்.

அவள் சொன்னாள். அந்தப் பாஷையில் அதற்கு ஒற்றைச் சொல் இல்லை போலிருக்கிறது, வெகுநேரம் சொன்னாள், நடுவில் இரண்டு தடவை குரல் உடைந்தது, அவர் மகள் தெருவுக்குக் கேட்கிற குரலில் அழுதுகொண்டே சொன்னாள். ஹிராத்தா கடைசிவரை கேட்டார். பிறகு தொப்பியைக் கழற்றினார், இரண்டு கைகளையும் தொடையோடு ஒட்டவைத்து, பாதி போய்விட்ட அந்தப் பாலத்தின்மேலேயே, அத்தனை ஒடுக்கத்தில் நின்றுகொண்டு, தலை முழங்காலைத் தொடுகிறாற்போல மிக ஆழமாகக் குனிந்தார்.

“ஏளா, கும்பிடுறத அப்புறமாக் கும்பிடலாம்,” என்று ஆவுடையப்பன் கத்தினார், “முதல்ல அந்த மனுஷன இங்கிட்டு வரச் சொல்லு!”